தராசின் முகம் யார் பக்கம்?

என் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். டிசம்பர் பிறந்தால் பழம் பறிப்பு. சாயங்காலம் பெண்கள் சாக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு களத்துக்கு வருவார்கள். அங்கே ஒரு கம்பத்தில் கடிகாரம் மாதிரி முகம் வைத்த தராசு தொங்கும். அப்பா அந்த முகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள மாட்டார். பறித்தவர்கள் பக்கம் திருப்பித்தான் மாட்டுவார். பேரேட்டில் எழுத அவர்தான் எட்டிப் பார்க்க வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "முள்ளு எங்கே நிக்குதுன்னு அவங்க பார்க்கலைன்னா, நான் சரியா எழுதினாலும் தப்பா எழுதின மாதிரிதான்டா" என்றார்.

அமெரிக்காவும் ரஷ்யாவும் மறுபடி இவ்வளவு தூரம் முறைத்துக்கொண்டு நிற்க யார் காரணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசுதான் நினைவுக்கு வருகிறது. சேலத்து டீக்கடையிலும் சரி, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்திலும் சரி, இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் கேட்டிருக்கிறேன். தன் தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவை ரஷ்யாவின் வாசல்வரை கொண்டுபோன அமெரிக்காதான் காரணம் என்பது ஒன்று. பக்கத்து நாட்டின் நிலத்தைப் பிடுங்கப் போன புதின்தான் காரணம் என்பது இன்னொன்று. நம் பக்கம் முதல் பதிலுக்குத்தான் ஆள் அதிகம். 1971இல் வங்கதேசப் போரின்போது சோவியத் யூனியன் நமக்குத் துணை நின்றதை மறக்காத தலைமுறை இது. நானும் அந்தத் தலைமுறைதான். இரண்டு பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால், இந்தப் பகை நமக்குத் தொலைதூரத்து விஷயம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய பனிப்போர் ஏற்காட்டுக்குக் காபி விலையாக வந்தது. 1959இல் கியூபாவில் புரட்சி நடந்தது. காபி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்க விவசாயிகள் எல்லாரும் கம்யூனிசத்தின் பக்கம் போய்விடுவார்கள் என்று வாஷிங்டன் பயந்தது. அமெரிக்கா காபியை விலை கொடுத்து வாங்கும் நாடு, விலை ஏறினால் அதற்குத்தான் நஷ்டம். அப்படியிருந்தும் 1962இல் சர்வதேசக் காபி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து, விலை சரியாமல் தாங்கிப் பிடித்த ஏற்பாடு அது. இந்தியாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சோவியத் யூனியனோ அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே இருந்துகொண்டு நம் காபியை ரூபாய்க் கணக்கில் வாங்கியது. டாலரைத் தொடாத வியாபாரம். ஆக, ஏற்காட்டு மண்ணில் விளைந்த பழத்துக்கு இரண்டு வல்லரசுகளும் தங்கள் போட்டிக்காக ஆளுக்கொரு பக்கம் முட்டுக்கொடுத்தன. காபி வாரியம் எல்லாருடைய காபியையும் ஒரே தொகுப்பில் சேர்த்து, 'பாயின்ட்' கணக்குப் போட்டுத் தவணைகளாகப் பணம் கொடுத்த காலம் அது.

1989 ஜூலையில் அந்த ஒதுக்கீடு முறிந்தது. பனிப்போர் தணிந்துகொண்டிருந்தது, காபி விலையைத் தாங்கிப் பிடிக்கும் அரசியல் அவசியம் அமெரிக்காவுக்குக் குறைந்துவிட்டது. சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் விலை கிட்டத்தட்டப் பாதியானது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது, ரூபாய்க் கணக்கும் அதோடு போனது. அப்பா இருந்த தோட்டத்தில் அந்த ஆண்டுகளில் செடிகளின் கிளை வெட்டிச் சீராக்கும் கவாத்து முழுதாக நடக்கவில்லை. சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுக் கூலி கொடுத்தார்கள். நிழல் மரங்களில் ஏற்றியிருந்த மிளகுக் கொடிதான் அந்தச் சமயத்தில் காப்பாற்றியது. உலகத்துக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடன் ஏறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய நாடுகள் கூடினாலும் பிரிந்தாலும் அதற்கான கணக்கு எங்கோ ஒரு களத்தில் வந்து விழும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது சுற்று, ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த 2022இல் வந்தபோது மலைக்கு மட்டும் வரவில்லை. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் தொடங்கிய வாரமே மளிகைக் கடையில் அது தெரிந்துவிட்டது. அப்புறம் நிக்கல். சேலம் உருக்காலை செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரமும் அந்த ரகம்தான். அதில் பெரும்பாலான வகைகளுக்கு நிக்கல் வேண்டும். ரஷ்யா உலகத்துக்கு நிக்கல் கொடுக்கும் பெரிய நாடுகளில் ஒன்று. அந்த வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் பரவிய நேரத்தில், விலை இறங்கும் என்று நம்பி முன்கூட்டியே விற்று வைத்திருந்த ஒரு பெரிய சீன நிறுவனம் மாட்டிக்கொண்டது. 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கல் 1,00,000 டாலரைத் தாண்டியது. சந்தையையே மூடிவிட்டார்கள். போர் நடந்தது உக்ரைனில், உலோகம் ரஷ்யாவுடையது, மாட்டிக்கொண்டது சீனாக்காரர், மூடியது லண்டனில், விலை கேட்டுத் திகைத்தவர்களில் சேலத்துப் பாத்திர வியாபாரிகளும் இருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்க்கும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறக்குறைய 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் 2022இல் முடக்கின. டாலரில் வைத்திருந்தால் ஒருநாள் நமக்கும் இதே கதிதான் என்று பல நாடுகள் யோசித்தன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. தங்கம் ஏறியது, வெள்ளியும் கூடவே ஏறி 2025இல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைக் கடந்து மேலே போனது. வெள்ளி விலைக்குச் சூரிய மின்தகடு மாதிரி வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பட்டறையில் வேலை குறைந்துபோன ஒருவரிடம் இந்தப் பகையை வெளிநாட்டுச் செய்தி என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, கேள்விக்கு வருவோம். யார் காரணம் என்று ஒருவர் சொல்லும் பதில், அவர் எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ரஷ்யாவுக்குப் பரிந்து பேசுபவர்கள் 1990இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் மாஸ்கோவில் சோவியத் தலைவர் கோர்பச்சேவைச் சந்தித்தார். இரண்டு ஜெர்மனிகளையும் இணைக்க சோவியத் சம்மதம் வேண்டியிருந்தது. நேட்டோவின் அதிகார எல்லை கிழக்கே ஓர் அங்குலம்கூட நகராது என்ற பேச்சு அங்கே நடந்தது. அந்த உரையாடலின் குறிப்புகள் இன்று எல்லாரும் படிக்கும்படி வெளிவந்துவிட்டன. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த அங்குலம் கிழக்கு ஜெர்மனியைப் பற்றிய உறுதிமொழியாக மட்டும் நின்றது. அங்கே வெளிநாட்டுப் படைகளை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். போலந்து, ஹங்கேரி பற்றி ஒரு வரி இல்லை. அவை அப்போது சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்தின் நாடுகளாகவே இருந்தன. கோர்பச்சேவே 2014இல் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நேட்டோ விரிவாக்கம் என்ற பேச்சு அன்று எழவே இல்லை என்றார். பின்னால் நடந்த விரிவாக்கம் அன்று கொடுத்த உறுதிகளின் உணர்வுக்கு எதிரானது என்றும் அதே மூச்சில் சொன்னார்.

எழுத்தில் இல்லாத வாக்கை மீறியதாக யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. ஆனால் தோற்றவன் முகத்தைப் பார்த்து வென்றவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதில் அமெரிக்கா தவறியது. 1992 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ஜார்ஜ் புஷ், கடவுள் அருளால் அமெரிக்கா பனிப்போரில் வென்றது என்று அறிவித்தார். மாஸ்கோவில் அதை எப்படிக் கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தோற்றதாக நினைக்கவில்லை. தங்கள் சுமையைத் தாங்களே இறக்கி வைத்ததாக நினைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரஷ்யர்களின் சேமிப்பு பணவீக்கத்தில் கரைந்தது. 1998 ஆகஸ்டில் அரசே கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. அந்தப் பலவீனமான நேரத்தில்தான் விரிவாக்கம் முடிவானது. சோவியத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கையை 1947இல் வகுத்துக் கொடுத்த ஜார்ஜ் கென்னன், அப்போது தொண்ணூறு வயதைத் தாண்டிய முதியவர், 1997இல் இதை விபரீதமான தவறு என்று எழுதினார். ரஷ்யாவுக்குள் தேசியவெறியைத்தான் இது வளர்க்கும் என்று எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. 1999 மார்ச்சில் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. அதே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமலே நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியாவின் மேல் குண்டு போடத் தொடங்கின. 78 நாள் போட்டன.

இதுவரை படிப்பவருக்கு அமெரிக்காதான் குற்றவாளி என்று தோன்றும். எனக்கும் ரொம்ப காலம் அப்படித்தான் தோன்றியது. இங்கே நாம் பழகிப்போன ஒரு சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'நேட்டோ விரிந்தது' என்கிறோம். அந்த வாக்கியத்தில் போலந்துக்காரர் எங்கே இருக்கிறார்? அவர் 1939இல் தொடங்குவார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு பக்கம் ஹிட்லரும் மறுபக்கம் ஸ்டாலினும் அவர் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கேட்டின் காட்டிலும் வேறு இடங்களிலும் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளையும் படித்தவர்களையும் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுப் புதைத்தது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றையும் 1940இல் சோவியத் விழுங்கியது. ஹங்கேரிக்காரர் 1956ஐச் சொல்வார், செக் நாட்டவர் 1968ஐச் சொல்வார். இரண்டு முறையும் சோவியத் டாங்கிகள்தான் வந்தன. இப்படிப்பட்ட நாடுகள் விடுதலை கிடைத்ததும் ஓடிப்போய் நேட்டோவின் கதவைத் தட்டின. தாங்களாக விரும்பித் தட்டின. அந்தத் தட்டலை அமெரிக்கச் சதி என்று மட்டும் படித்தால், அந்த மக்களுக்கு மூளையும் நினைவும் கிடையாது என்று சொல்வதாகிவிடும். காலனி ஆட்சியிலிருந்து வந்த நாம் அந்தத் தப்பைச் செய்யலாமா?

நடுவில் இருப்பவர்களை மறந்த இன்னொரு முடிவு 2008 ஏப்ரலில் புக்காரெஸ்டில் கூடிய நேட்டோ மாநாட்டில் நடந்தது. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் சேர்ப்பதற்கான ஆயத்தத் திட்டத்தை உடனே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா நின்றது, ஜெர்மனியும் பிரான்சும் மறுத்தன. கடைசியில் இரண்டும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிக்கை விட்டார்கள். தேதி இல்லை, பாதுகாப்பும் இல்லை. ரஷ்யாவுக்குக் கோபம் வர அது போதும், அந்த இரண்டு நாடுகளைக் காப்பாற்ற அது போதாது. நான்கே மாதத்தில் ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது. இந்தப் பகையின் முப்பது ஆண்டில் மேற்கு நாடுகள் செய்த ஆகப்பெரிய மடத்தனம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது அப்பாவின் தராசுக்கு வருகிறேன். நேட்டோ எல்லை பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பேசாத ஒரு பக்கம் இது. என் கணக்கில் இதுதான் முக்கியமான பக்கம்.

1987 டிசம்பர் 8ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரீகனும் கோர்பச்சேவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தரையிலிருந்து ஏவி 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை போகும் ஏவுகணைகள் எதையும் இனி இருவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. 1991க்குள் இரண்டு பக்கமும் சேர்த்து 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள். எண்ணிக்கையைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறு விஷயம். உரல் மலைப்பகுதியில் வோட்கின்ஸ்க் என்ற ஊரில் சோவியத்தின் ஏவுகணை ஆலை இருக்கிறது. அதன் வாசலில் அமெரிக்கர்கள் குடியிருப்பு போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே போகும் பெட்டிகளை அளந்து பார்த்தார்கள். அதேபோல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேக்னா என்ற ஊரின் ஆலை வாசலில் சோவியத் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நாற்பது ஆண்டு பகைவர்கள் ஒருவர் வாசலில் ஒருவர் தராசைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1986 வாக்கில் உலகில் ஏறக்குறைய 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று சுமார் 12,000. குறைந்ததில் இப்படி நேரில் போய்ப் பார்த்துக்கொண்டதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தத் தராசை முதலில் திருப்பியது யார்? இதில் நான் அமெரிக்காவைத்தான் சொல்வேன். ஏவுகணைத் தடுப்புக் கேடயங்களுக்கு வரம்பு போட்ட 1972ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஒருவன் கையில் பெரிய கேடயம் இருந்தால் அடுத்தவன் இன்னும் அதிக அம்புகளைச் செய்வான் என்பதுதான் அதன் தர்க்கம். 2001 டிசம்பரில் அதிலிருந்து விலகுவதாக அதிபர் புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அறிவித்தார். ஈரான், வடகொரியாவின் ஏவுகணைகளைத் தடுக்கத்தான் என்றார்கள். நியூயார்க் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு புஷ்ஷுக்கு முதலில் போன் செய்த வெளிநாட்டுத் தலைவர்களில் புதின் ஒருவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அடுத்த மூன்றே மாதத்தில் கிடைத்த பதில் இது. 2007 பிப்ரவரியில் மியூனிக் மாநாட்டில் புதின் வெளிப்படையாகச் சீறினார். அந்தச் சீற்றத்தில் பொய் குறைவுதான்.

ஆனால் தராசு ஒரு பக்கம் திரும்பியதும் மறுபக்கம் கள்ள எடைக்கல் வந்தது. ஐரோப்பாவில் டாங்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் வரம்பு வைத்த ஒப்பந்தத்தை ரஷ்யா 2007இல் நிறுத்திவைத்தது. 1987 ஒப்பந்தம் தடை செய்த வகை ஏவுகணை ஒன்றை ரகசியமாகச் சோதித்ததாக 2014இல் அமெரிக்கா வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. ரஷ்யா அப்படி ஒரு ஏவுகணையே இல்லை என்றது, பிறகு இருக்கிறது ஆனால் தூரம் குறைவு என்றது. சரிசெய்யப் பொறுமை இல்லாத டிரம்ப் அரசு 2019 ஆகஸ்டில் ஒப்பந்தத்தையே விட்டு வெளியேறியது. ஒருவர் நாட்டின் மேல் ஒருவர் ஆயுதமில்லாத விமானத்தில் பறந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டிலிருந்து 2020இல் அமெரிக்காவும் 2021இல் ரஷ்யாவும் வெளியேறின. ஆயுத ஒப்பந்தங்கள் சரிந்த பழியை நான் இருவருக்கும் பங்கு வைப்பேன். அமெரிக்காவின் பங்கு ஒரு பிடி கூடுதல்.

போரின் பழி அப்படி இல்லை.

1991 டிசம்பர் 1ஆம் தேதி உக்ரைன் மக்கள் வாக்களித்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் தனிநாடு வேண்டும் என்றார்கள். ரஷ்யர்கள் அதிகம் வாழும் கிரிமியாவில்கூட பாதிக்கு மேல் அதே பதில். அப்போது உக்ரைன் மண்ணில் சோவியத் விட்டுப்போன சுமார் 1,900 பெரிய அணுகுண்டுகள் இருந்தன. உலகில் மூன்றாவது பெரிய குவியல். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ஒரு எழுத்து எழுதினார்கள். குண்டுகளை உக்ரைன் கொடுத்துவிடும், அதன் எல்லையை அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் மதிக்கும். 1996க்குள் உக்ரைன் எல்லாவற்றையும் ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. பேக்கர் வாயால் சொன்ன அங்குலத்தைப் பற்றி முப்பது ஆண்டாகப் பேசுகிறவர்கள், ரஷ்யா கையெழுத்துப் போட்ட இந்தத் தாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்று உக்ரைன் 2010இல் சட்டமே போட்டது. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரஷ்யப் படைகள் கிரிமியாவைப் பிடித்தபோது அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. அதை அவர்கள் நீக்கியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். நேட்டோவில் சேரப் போனதால் அடி விழுந்தது என்ற கதையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. அடி விழுந்த பிறகுதான் அவர்கள் மறுபடி நேட்டோவைத் தேடினார்கள். பின்லாந்தையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் அது நேட்டோவில் சேர்ந்ததும் ரஷ்யாவின் நேட்டோ எல்லை ஒரே நாளில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதற்காக மாஸ்கோ போருக்குப் போகவில்லை. உக்ரைனுக்கு மட்டும் ஏன்? புதின் 2021 ஜூலையில் எழுதிய நீண்ட கட்டுரையில் பதில் இருக்கிறது. ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்கிறார் அதில். தனியாக ஒரு மக்களே இல்லை என்று நினைப்பவருக்கு அவர்களுடைய எல்லை எப்படித் தெரியும்?

எங்கள் உறவில் ஒரு பெண் உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி விடிகாலையில் குண்டுச் சத்தத்தில் எழுந்தாள். ஒரு வாரம் நிலத்தடி மெட்ரோ நிலையத்தில் படுத்திருந்துவிட்டு, ரயிலில் இருபது மணி நேரம் நின்றபடியே மேற்கே போய், போலந்து வழியாகச் சேலம் வந்து சேர்ந்தாள். அந்த வாரம் உணவு வாங்க வெளியே வந்த கர்நாடக மாணவர் ஒருவர் அதே நகரில் குண்டுவீச்சில் இறந்துபோனார். ஊர் வந்த பிறகு நான் அவளிடம் நேட்டோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "பெரியப்பா, கார்கிவ்ல எல்லாரும் வீட்ல ரஷ்ய மொழிதான் பேசுவாங்க. எங்க ஹாஸ்டல் அக்கா ரஷ்யன்தான். யாரைக் காப்பாத்த அங்க குண்டு போட்டாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. என் கருத்து மாறத் தொடங்கியது அந்தச் சாயங்காலத்தில்தான்.

அமெரிக்கா மட்டும் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தது. 2003இல் ஈராக்கில் இல்லாத ஆயுதத்தைக் காரணம் காட்டி ஐ.நா. அனுமதி இல்லாமல் நுழைந்தது, லட்சக்கணக்கானோர் செத்தார்கள், ஒரு தலைவரும் அதற்குத் தண்டனை பெறவில்லை. உலக விதி என்று வாஷிங்டன் பேசும்போது பாதி உலகம் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு அதுதான் காரணம், அது நியாயமும்கூட. ஆனால் ஈராக்கின் கடனைக் கார்கிவ் ஏன் கட்ட வேண்டும்? மேற்கின் தவறுகள் இந்தப் போருக்குச் சூழலை உண்டாக்கின. அதைக் காரணம் என்று சொல்லலாம். எல்லையைத் தாண்டு என்று உத்தரவு போட்ட கை ஒன்றுதான். குற்றம் அந்தக் கையோடது.

இந்தியா 2022 மார்ச் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 ஒதுங்கின. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, ஓரிரு ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரும் நாடானது. மலிவு எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல நம்மால் முடியாது, அதைப் புரிந்துகொள்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அதைக் காரணம் காட்டி நம் பொருள்கள் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி போட்டு, மொத்தம் 50 ஆக்கியபோது சேலம், கரூர், திருப்பூர் ஜவுளிக்காரர்கள் அடிபட்டார்கள். ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை விழவில்லை. இதையெல்லாம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யார் மேல் பழி என்ற பதிலையும் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சீனா தனிக் கட்டுரைக்கான விஷயம். சேலம் ரயிலில் வருபவர்கள் ஊரின் வடக்கே பார்க்கும் வெள்ளைக்கல் மேடுகள், உருக்காலை உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்யும் மேக்னசைட். அதே கல்லில் உலகில் முதலிடம் சீனாவுக்கு. மலிவாக விற்றுச் சந்தையைப் பிடிப்பது, பிடித்த பிறகு வரத்தை ஆயுதமாக்குவது என்ற வழி அவர்களுக்குக் கைவந்தது. 2023இல் காலியம், ஜெர்மானியம், 2025 ஏப்ரலில் அரிய மண் உலோகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு போட்டார்கள். அமெரிக்கா 2022 அக்டோபரில் கணினிச் சிப்புகள் சீனாவுக்குப் போகாமல் கதவைச் சாத்தியதற்கும் 2025இல் வரி போட்டதற்கும் எதிர்வினை அவை. அங்கே யார் முதலில் என்ற கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிவாக எதையும் சொல்ல நான் தயாராக இல்லை.

அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே கடைசியாக மிஞ்சியிருந்த அணு ஆயுத ஒப்பந்தம் 2010இல் பிராகா நகரில் கையெழுத்தானது. பயன்பாட்டுக்குத் தயாராக நிறுத்திய பெரிய அணுகுண்டுகள் ஆளுக்கு 1,550க்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 18 முறை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றது அது. 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் நேரில் பார்ப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் அது ஒருமுறைகூட நடக்கவில்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்தியது. 2026 பிப்ரவரி 5ஆம் தேதியோடு அதன் காலம் தீர்ந்தது. உலகின் அணுகுண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இந்த இரண்டு நாடுகளிடம்தான் இருக்கிறது.

வோட்கின்ஸ்க் ஆலை வாசலில் இருந்த அமெரிக்கர்கள் 2009 டிசம்பரிலேயே குடியிருப்பைக் காலி செய்து போய்விட்டார்கள். போர் தொடங்கிய பிறகு ஆலை இரவு பகலாக ஓடியது. கார்கிவ் மேல் விழுந்த இஸ்காந்தர் ஏவுகணைகள் அங்கேதான் தயாராயின.